துண்டு விழுந்த கதை

“கடன் என்றால் என்ன என்று யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார் கொழும்பிலிருந்து வந்திருந்த தம்பி.

கழுத்தில் அடையாள அட்டை, கையில் ரிமோட், பின்னால் சுவரில் வெள்ளைச் சீலை. பெருந்தோட்டப் பெண்களுக்கான நிதி அறிவூட்டல் செயலமர்வாம். சிக்கனம், சேமிப்பு, கடன் முகாமைத்துவம் மூன்றையும் இரண்டரை மணி நேரத்தில் ஊட்டிவிட்டு, கடைசியில் ஆளுக்கொரு பணிஸும் பால் பைக்கட்டும் கொடுத்து அனுப்புவார்கள். பகல் கொழுந்தை நிறுத்துவிட்டு நேரே வரச் சொல்லியிருந்தபடியால், பாதிப் பேர் இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்காமல் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்வரிசையில். கதிரை அடுக்கக் கூப்பிட்ட பள்ளிக்கூடத்து வாத்தியார் என்ற தகுதியில். வாங்குக்குக் கீழே இன்னோர் அட்டை, யாருடைய காலிலோ வயிறு நிறைய உறிஞ்சிவிட்டு விழுந்து, மெதுவாக மேடைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

முன்வரிசையில் இருந்த அம்மாயி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். “எங்க தாத்தாவோட தாத்தா தோணி ஏறுறப்பவே அதத்தானுங்க சேர் மொதல்ல கையில குடுத்தாங்க.”

சனம் கொல்லென்று சிரித்தது. தம்பியும் நாகரிகமாகச் சிரித்துவிட்டு ரிமோட்டை அழுத்தினார். அடுத்த படத்தில் ஒரு பன்றிக்குட்டி உண்டியல்.

அவர் மேல் பிழையில்லை. அவர் படித்த பல்கலைக்கழகத்தில் கடனுக்கு வரைவிலக்கணம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எங்களுக்கு அது வம்சாவளி. எங்கள் பேச்சில் துண்டு என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம் இருக்கிறது. தோளில் போடுவது ஒன்று. செலவு வரவை முந்தும்போது விழுவது ஒன்று; வருடா வருடம் பாராளுமன்றத்தில் நிதியமைச்சர் எழுந்து நின்று துண்டுவிழும் தொகை இவ்வளவு என்று வாசிப்பார், பின்வரிசைக்காரர்கள் மேசையில் தட்டுவார்கள். மூன்றாவதை இப்போது யாரும் வெளியில் சொல்வதில்லை. அது தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த கடதாசித் துண்டு. இன்ன கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், இவர்கள் தலையில் இருக்கிற கடன் இவ்வளவு, இதைக் கட்டுகிற தோட்டம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். அவ்வளவுதான் வாசகம். கடனை வாங்கினால் ஆள் இலவசம். இந்தியக் கரையில் ஆள்பிடிக்கிற கங்காணி கொடுத்த முற்பணம், வழிச்செலவு, அரிசிக் கணக்கு எல்லாம் அந்தத் துண்டில் ஏறும். ஆள் செத்தால் மட்டும் இறங்கும். சில கணக்குகளில் அதுவும் இல்லை, மகன் தலைக்குப் போகும்.

கடனைப் பொட்டலம் கட்டி, கைமாற்றி, அதையே சரக்காக விற்பதை இந்தக் காலத்து நிதி மேதைகளின் கண்டுபிடிப்பு என்று புத்தகம் போடுகிறார்கள். எங்கள் திம்புள்ளப் பள்ளத்தாக்கில் அந்த வியாபாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொடிகட்டிப் பறந்தது. பெரிய கங்காணிக்குத் தலைக்காசு, பென்ஸ் காசு என்று தரகும் கிடைத்தது. பாவம், நோபல் பரிசுக்குத்தான் யாரும் அவர் பெயரைப் பரிந்துரைக்கவில்லை. 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். ஆங்கிலத்தில் எழுதிய அந்தச் சட்டத்திலும் அதற்குப் பெயர் ‘துண்டு’தான். எங்கள் மொழி வெள்ளைக்காரன் சட்டப் புத்தகத்துக்குள் கால்வைத்த பெருமை இப்படி.

நாட்டுக்கும் ஒரு துண்டு உண்டு. அதற்கு மரியாதையான பெயர் சர்வதேச இறையாண்மைப் பிணைமுறி. பிணையை முறி என்று யாரோ கட்டளையிடுவதுபோல இருக்கும் சொல். முறிந்தது வேறு. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூற்று அறுபதுக்குப் போனது. அப்போது எங்கள் நாட்சம்பளம் 1,000 ரூபா. அதாவது ஐந்து டொலராக இருந்தது ஒரு கூடையும் குறையாமல், ஓர் இலையும் விடுபடாமல், மூன்று டொலருக்குக் கீழே வந்தது. அதே வேளை கொழும்புத் தேயிலை ஏலத்தில் 2021இல் கிலோ சராசரி 600 ரூபா சொச்சமாக இருந்தது, 2022இல் 1,200ஐத் தாண்டியது. தேயிலை விலை டொலரைப் பார்த்து ஏறும்; கூலி ரூபாவில் உட்கார்ந்திருக்கும். ரூபா விழுந்தபோது அந்த விழுகையில் எண்ணெய் எடுத்துத் தலைக்குத் தடவிக்கொண்டவர்கள் பங்குச் சந்தையில் பெயர் பதிந்த பெருந்தோட்டக் கம்பனிகள். அவற்றில் பல அந்த வருடம் காட்டிய லாபத்தை அதற்கு முன் கண்டதில்லை. எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்துப் பக்கம் கோதுமை மா மூன்று மடங்கு விலைக்குப் போய், இரண்டு ரொட்டி ஒன்றாகி, கட்டச் சம்பலில் மாசி காணாமற்போனது. 1,000 ரூபா அப்படியே 2024 செப்டெம்பர் வரை அசையவில்லை. நாணயப் பெறுமதியில் ஸ்திரத்தன்மை வேண்டும் என்று மத்திய வங்கி தவம் கிடக்கிறதே, அந்த ஸ்திரத்தன்மையை நேரில் பார்க்க விரும்பினால் எங்கள் சம்பளப் பதிவேடான செக்ரோலைப் பார்த்திருக்கலாம்.

பிறகு கடன் மறுசீரமைப்பு என்ற திருவிழா. நியூயோர்க்கிலும் லண்டனிலும் இருக்கிற பிணைமுறிக்காரர்கள் குழு கட்டிக்கொண்டு பேச வந்தார்கள். பிளக்ரொக் போன்ற மலைவிழுங்கிகள் அதில் இருந்தன. 2024 டிசம்பரில், சுமார் 1,250 கோடி டொலர் பழைய முறிகளைக் கொடுத்துப் புது முறிகள் வாங்கிக்கொண்டார்கள். புது முறியில் ஒரு நுணுக்கம். இந்த நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் அவர்களுக்குக் கொடுப்பனவு கூடும். பாருங்கள், அவர்களுக்கும் ஊக்குவிப்புக் கொடுப்பனவு. அம்மாயி ஒரு கிலோ மேலதிகமாக எடுத்தால்தான் அவளுக்கு ஊக்குவிப்பு. பிணைமுறிக்காரருக்கோ, அம்மாயி மேலதிகமாக எடுத்தாலே போதும்.

உள்ளூர்க் கடனையும் மறுசீரமைக்க வேண்டும் என்றார்கள். யார் தியாகம் செய்வது? வங்கிகளின் முறிகளைத் தொட்டால் வங்கி முறைமை தாங்காது. தனியார் முதலீட்டாளரைத் தொட்டால் நம்பிக்கை போகும். தொட்டாலும் கத்தாத ஒன்று கடைசியில் அகப்பட்டது: ஊழியர் சேமலாப நிதி. செக்ரோல் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு எங்களிடமிருந்தும், பன்னிரண்டு கம்பனியிடமிருந்தும் போய்ச் சேருகிற, கிழடுபோன பிறகு கைக்கு வருகிற அந்தக் காசு. 2023 ஜூலை முதலாம் திகதி, ஒரு சனிக்கிழமை, பாராளுமன்றத்தைக் கூட்டிக் கைதூக்கினார்கள். நிதியின் பழைய முறிகள் 2038 வரை நீளும் புது முறிகளாயின. 2025 வரை பன்னிரண்டு வீதம், அதன் பின் ஒன்பது வீதம் வட்டி. மறுத்தால் நிதியின் மேல் முப்பது வீத வரி என்று ஒரு துப்பாக்கியும் மேசையில் இருந்தது. நாட்டின் கடனுக்கு அம்மாயி பிணை நின்றாள். கையெழுத்துக்கூட வாங்கவில்லை, அந்தக் காலத்திலாவது பெருவிரலைப் பிடித்து மையில் தேய்த்தார்கள்.

கடதாசிக்கு அரசு பிணை நிற்பது இங்கே புதிதல்ல. 1869இல் கோப்பிச் செடியின் இலையில் மஞ்சளாகத் துரு படர ஆரம்பித்தது. பதினைந்து வருடத்தில் கோப்பி போனது, கோப்பியை நம்பிக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் கதவைச் சாத்தியது. நாட்டில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பங்கு அந்த வங்கி அச்சடித்தவை. ஆளுநர் ஆர்தர் கோர்டன் பதறிப்போய் நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தார். நல்ல காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கவிழ்ந்த தோட்டங்களில் மாதக்கணக்கில் நின்ற கூலிப்பாக்கிக்கு அதே வேகத்தில் யாரும் பதறவில்லை. நோட்டு கடதாசி, அதற்கு மானம் உண்டு. கூலி வெறும் ஆள்.

அந்தக் கோப்பிக் காலத்து மனிதர்களில் எனக்குத் தீராத ஆர்வம் ஒரு குடும்பத்தின் மேல். சார்ல்ஸ் ஹே கெமரன், 1830களின் தொடக்கத்தில் கோல்புறூக்கோடு ஆணைக்குழுவாக வந்து, இந்தத் தீவைச் சீர்திருத்தியவர். கூலியில்லாத கட்டாய உழைப்பான இராஜகாரியம் அந்தச் சீர்திருத்தத்தோடு போனது. மனிதன் சுதந்திரமாக உழைக்க வேண்டும், சந்தையில் தன் உழைப்பை விற்க வேண்டும் என்ற தத்துவம். அழகான தத்துவம். சிங்களக் கிராமத்தான் அதைச் சரியாகவே புரிந்துகொண்டு தோட்ட வேலைக்கு வரமாட்டேன் என்றான். ஆகவே சுதந்திர உழைப்பைக் கடல் தாண்டி இறக்குமதி செய்தார்கள். மன்னாரில் இறங்கி, மாத்தளைக்குக் காடு வழியே நடந்து, வழியில் காலரா கண்டு செத்தது போக மிச்சம் வந்து சேர்ந்த சுதந்திரம் நாங்கள். தத்துவம் சொன்ன கெமரன் கையோடு கோப்பிக் காணியும் வாங்கிப் போட்டிருந்தார்.

அவர் மனைவி ஜூலியா மார்கரெட் கெமரன். உலகப் புகைப்படக் கலை வரலாற்றில் அவர் இல்லாத புத்தகம் கிடையாது. இங்கிலாந்தில் டெனிசன், டார்வின், ஹெர்ஷல் ஆகியோரைக் கமராவுக்கு முன் உட்கார வைத்தவர். 1875இல் கணவரோடு இங்கே குடிவந்தார். கோப்பித் துரு அவர்களையும் விடவில்லை. கையில் காசுக்குத் தட்டுப்பாடு. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளங்கனில் உயிர்விட்டு, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் கணவரோடு அடங்கியிருக்கிறார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிஞ்சியவை கொஞ்சம் படங்கள்தான். தோட்டத்து ஆட்களும் அவற்றில் இருக்கிறார்கள். நேராகக் கமராவைப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வையில் கும்பிடு இல்லை. அதற்காக அந்தக் கிழவியை நான் மதிக்கிறேன். ஆனால் தலைப்பைப் பாருங்கள். அங்கே டார்வின் என்று பெயர். இங்கே குடியானவர் கூட்டம், தோட்டக் கூலிகள். முகத்தை எடுத்தவர் பேரை எடுக்கவில்லை. அவருடைய அச்சுகள் இன்று லண்டன் ஏலத்தில் என்ன விலைக்குப் போகின்றன என்று சொன்னால் லயத்தில் யாரும் நம்பமாட்டார்கள். தேயிலையைப்போலவே எங்கள் முகத்துக்கும் ஏல விலை உண்டு, பறித்த நாளில் கிடைக்காது.

அந்தக் கிளங்கனில் இப்போது பெரிய ஆஸ்பத்திரி. இந்திய உதவியில் கட்டியது. 2017 மே மாதம் நரேந்திர மோடி வந்து திறந்து வைத்தார், நோர்வூட்டில் தேநீரைப்பற்றிப் பேசினார், பத்தாயிரம் வீடு என்றார். தேநீர் விற்றவருக்கும் தேயிலை பறித்தவர்களுக்கும் உறவு உண்டு என்று கேட்டபோது கைதட்டல் அடங்க நேரமானது. நானும் தட்டினேன். வீடு எண்ணுகிற வேலையை இன்னும் முடிக்கவில்லை.

கலை என்றதும் ஞாபகம் வருகிறது. 1991இல் வந்த ஆரஞ்சு நிற நூறு ரூபாத் தாளின் பின்பக்கத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருந்தார்கள். உலகத்திலேயே, ஆள் கையில் நிற்காத காசில் ஆளின் படத்தை அச்சடித்த வேடிக்கை அது. இன்று அந்தத் தாளுக்குக் கடையில் இரண்டு பிளேன்டீ கிடைத்தால் அதிர்ஷ்டம். பிறகு வந்த தாளில் அவர்களையும் எடுத்துவிட்டார்கள். பேர் வெட்டுவது எங்களுக்குப் பழகியதுதான்.

பேர் என்பதை வெளியூர்க்காரருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று பெயர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றால் மட்டும் போதாது. நோம் என்ற நிறையை எடுத்தால் செக்ரோலில் முழுப் பேர். பதினெட்டு என்றால் பதினெட்டு, சில தோட்டங்களில் அதற்கும் மேல். குறைந்தால் அரைப் பேர். கொழுந்து மடுவத்தில் தராசு முள் நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை வாசிப்பார். சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளில் தண்ணிக்கு ஒரு கழிவு, முற்றல் இலைக்கு ஒரு கழிவு. எங்கள் சனத்தில் ஒருத்தி தன் முழுப் பேரோடு வீட்டுக்குப் போகிறாளா என்பதை மாலை நாலரை மணிக்கு ஒரு தராசு தீர்மானிக்கிறது. சமஸ்தானம் ஆண்ட ராஜாக்கள்கூடக் குடிகளின் பேரில் பாதியை வெட்டியதாக நான் படித்ததில்லை.

தை பிறந்தால் பங்குனி வரை மேற்குச் சரிவில் காய்ந்த குளிர்காற்று அடிக்கும். திம்புள்ளத் தேயிலையின் தரக் காலம் அதுதான். கொழும்பில் ருசி பார்க்கிறவர்கள் கரண்டியால் உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு, மல்லிகை மணம், தங்க நிறம், துள்ளும் துலக்கம் என்று கவிபாடுவார்கள். செடி வாடி, தளிர் மெதுவாக வருவதால்தான் அந்த மணம். தளிர் மெதுவாக வந்தால் கூடை நிறையாது. கூடை நிறையாவிட்டால் அரைப் பேர். நோமை இரண்டொரு கிலோ இறக்குகிற நல்ல துரைமாரும் இருக்கிறார்கள், இல்லையென்றால் பொய். ஆனாலும் விலை உச்சத்தில் இருக்கிற மாதங்களில் எங்கள் பேர் பாதியாகிறது என்ற கணிதத்தை அந்தக் கவிஞர்கள் துப்பும் தேநீரில் எந்தக் கரண்டியும் கண்டுபிடித்ததில்லை.

இன்னொரு கணிதம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்தால் ஒரு கிலோ தேயிலை. பதினெட்டுக் கிலோ என்றால் நாலு கிலோ. தேயிலைப் பைக்கு இரண்டு கிராம். ஆக ஒருத்தியின் ஒரு பேர் என்பது இரண்டாயிரம் கோப்பைத் தேநீர். கொழும்பு ஏலத்தில் கிலோ 1,200 ரூபா என்றால் 4,800 ரூபா. லண்டனில் ஒரு கடையில் கோப்பை மூன்று பவுண் என்று வைத்துக்கொண்டால் ஆறாயிரம் பவுண். அவளுக்கு 2024 செப்டெம்பரில் கிடைத்தது 1,350 ரூபா. கம்பனிக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலிதான், கென்யாவில் ஒரு தொழிலாளி இதைப்போல இரண்டு மடங்கு எடுக்கிறான், எங்கள் ஆட்களிடம் உற்பத்தித்திறன் இல்லை. செடியைப் பாருங்கள் ஐயா. வெள்ளைக்காரன் நட்ட செடி, நூறு வயது. மறுநடுகை செய்யாமல், வெளியெல்லாம் காடு மண்டி, பாம்பும் குளவியும் குடியிருக்கிறது. 2021இல் ஒரு ஜனாதிபதி இராவோடு இராவாக இரசாயனப் பசளையைத் தடைசெய்து செடியின் வாயிலும் மண்ணைப் போட்டார். நூறு வயதுக் கிழவியிடம் பால் குறைகிறது என்று கன்றுக்குட்டியைக் குற்றம் சொல்கிற பண்ணையார்கள்.

அந்த 1,350 வந்த கூத்தையும் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபா கேட்டு 2016க்குப் பிறகு வருடக்கணக்கில் தெருவில் நின்றோம். 2019இல் அடிப்படை 700 என்று ஒப்பந்தம் போட்டு லட்டுக் கொடுத்தார்கள். ஆயிரம் வந்தது 2021இல், அதுவும் சம்பள நிர்ணய சபை வழியாக. வந்ததும் கம்பனிகள் நீதிமன்றப் படியேறின. 2024 மே தினத்தில் கொட்டகலை மைதானத்தில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மேடையேறி 1,700 என்று வர்த்தமானியை ஆட்டிக் காட்டினார். பட்டாசு, மேளம், மாலை. ஜூலையில் உயர் நீதிமன்றம் தடை உத்தரவு. செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தல் வாசலில், 1,350. மேடையிலிருந்து செக்ரோலுக்கு வருவதற்குள் தண்ணிக் கழிவு, சாக்குக் கழிவு. 2025 நவம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தன் வரவு செலவுத் திட்டத்தில் 1,550 அடிப்படை என்றும், அதன் மேல் வேலைக்கு வந்ததற்காக 200 ரூபா அரசாங்கமே தரும் என்றும் அறிவித்தார். 1,750. சந்தோசம், கையில் விழுகிற காசை வேண்டாம் என்று சொல்கிற கொழுப்பு எங்களிடம் இல்லை. ஆனால் தனியார் கம்பனியின் ஆளுக்கு அரசு ஏன் கூலி தர வேண்டும் என்று கேட்டால், தோட்டத் தலைவர் என்னை முறைக்கிறார். சந்தை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். சந்தைக்கு அடிக்கடி பசிக்கிறது, அரசு ஊட்டிவிடுகிறது. அந்த 200 ரூபாவும் யாருடைய காசு? சவர்க்காரக் கட்டியில் அம்மாயி கட்டுகிற பதினெட்டு வீத வற் வரியும் அதில் கலந்துதானே இருக்கிறது.

வாக்கு இருந்தால்தான் இந்த மட்டுக்காவது மேடை. அது இல்லாத காலமும் இருந்தது. திம்புள்ளப் பக்கம் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் அந்தத் தேர்தலில் ஏழு ஆசனம் வென்றது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, ஏழு பேரை அனுப்பிய சனம் யாருமற்ற சனம் ஆனது. அவர் கவிஞரும்கூட, எங்களைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதி உலகத்துக்குக் காட்டியவர். 1964 ஒக்டோபரில் இலங்கையின் சிறிமாவும் இந்தியாவின் சாஸ்திரியும் உட்கார்ந்து எங்கள் தலைகளைக் கணக்குப் பார்த்தார்கள்: ஐந்தேகால் இலட்சம் உனக்கு, மூன்று இலட்சம் எனக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சம் துண்டு விழுந்தது. பத்து வருடம் அந்தத் துண்டைக் கிடப்பில் போட்டு, 1974இல் ஆளுக்கு 75,000 என்று பாதியாகக் கிழித்துக்கொண்டார்கள். எங்கள் சித்தப்பா ஒரு பக்கம், அத்தை மறு பக்கம். தலைமன்னாருக்குப் போகிற ரயிலில் அழுதவர்களைப் பார்த்து யாரோ அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பேர் வைத்தார்கள். நாட்டுக்கு நாடு கணக்குத் தீர்க்க ஆளைக் கொடுத்த அந்த ஒப்பந்தத்துக்கும் கங்காணியின் கடதாசிக்கும் என்ன வித்தியாசம் என்று நான் வகுப்பில் கேட்பேன். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று சொன்னது: “சேர், இதுல ரெண்டு பிரதமர் கையெழுத்து.”

மண்ணும் அப்படித்தான். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற கூட்டத்தில் பொலிஸ் சுட்டு, சிவனு லெட்சுமணன் விழுந்தார். அந்தக் காணி தன்னுடையது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு ஒரு பேர்ச்கூடக் கிடையாது. வேலைசெய்கிற மண் போனால் பிழைப்பு போகும் என்றார். இன்று கம்பனிக்கு ஐம்பத்து மூன்று வருடக் குத்தகை, லயக் காம்பராவில் நாலு தலைமுறை இருந்தவனுக்கு உறுதி கிடையாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வாப் புயல் மலையைச் சரித்தபோது, இடிந்த வீட்டுக்கு யார் சொந்தக்காரன் என்று படிவம் கேட்டது. நல்ல கேள்வி.

அந்த டெவனுக்குக் கிட்ட நின்று பார்த்தால் எதிரே சென் கிளயர் நீர்வீழ்ச்சி. மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் அணைகட்டி ஆற்றைச் சுரங்கத்துக்குள் விட்ட பிறகு, வீழ்ச்சிக்கு என்று பகல் நேரத்தில் மட்டும் தண்ணீர் திறந்துவிடும் ஏற்பாடு. சுற்றுலாக்காரர் படம் எடுக்கிற நேரம் விழ வேண்டும், இருட்டினால் நிறுத்த வேண்டும். காலையில் பிரட்டு, மாலையில் கொழுந்து நிறுவை. தோட்டத்தில் இருந்தால் அருவியும் செக்ரோலில் ஏறியாக வேண்டும்போல.

பழைய துரை பங்களாக்கள் இப்போது ஹோட்டல். ஓர் இரவுக்குப் பல நூறு டொலர் கொடுத்து வருகிற வெள்ளைக்காரிக்குச் சீலை கட்டிவிட்டு, நெற்றியில் கூடைக் கயிறு மாட்டி, அரை மணி நேரம் கொழுந்து பறிக்கவிடுவார்கள். அனுபவச் சுற்றுலா. எடுத்தது இருநூறு கிராம் இருக்கும், பாதி முற்றல். கைதட்டி, தேநீர் கொடுத்து, படமெடுத்து அனுப்புகிறார்கள். உலகத் தொழிலாளர் சந்தை எங்கே போகிறது என்று கேட்கிற நிபுணர்கள் இங்கே வந்து பார்க்கட்டும். ஒரே மலை, ஒரே நிரை. காசு கொடுத்துப் பறிப்பவளுக்கு நோம் இல்லை.

உலகம் வேறெங்கும் வேறு மாதிரி இருக்கிறது என்ற மயக்கமும் எனக்கில்லை. லிப்டன் பேரைச் சுமந்த யூனிலீவரின் தேயிலை வியாபாரத்தை 2022இல் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் 450 கோடி யூரோவுக்கு வாங்கியது. செடி, ஆலை, ஆள் எல்லாம் ஒரே பில்லில். 2023 மே மாதம் கென்யாவின் கெரிச்சோவில் கொழுந்து வெட்டும் இயந்திரங்களைச் சனம் தீ வைத்துக் கொளுத்தியது, உயிரும் போனது. அடுத்த வருடம் அந்தக் கென்யத் தோட்டங்கள் இலங்கைக் கம்பனியான பிரவுன்ஸ் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கைக்கு வர ஒப்பந்தமானது. இங்கே கென்யாவைக் காட்டி எங்களைத் திட்டுகிறார்கள். அங்கே எங்களைக் காட்டி என்ன சொல்கிறார்களோ. துரையை ஏற்றுமதி செய்கிற தகுதிக்கு நாடு வந்துவிட்டது.

இங்கே இயந்திரத்துக்கு முந்திக்கொண்டு ஒரு புது யோசனை நடக்கிறது. அதற்கு வெளியார் உற்பத்தி முறை என்று பேர். குடும்பத்துக்கு ஆயிரம் செடி, இரண்டாயிரம் செடி என்று பிரித்துக் கொடுப்பார்கள். நீயே பில்லு வெட்டு, நீயே பராமரி, கொழுந்தைக் கொண்டுவா, கிலோவுக்கு இவ்வளவு. நாட்சம்பளம் இல்லை, பேர் இல்லை, அரைப் பேர் இல்லை. சேமலாப நிதியும் அநேகமாக இல்லை. பசளைக் காசைக் கழித்துக்கொள்வார்கள். மழை பொய்த்தால் நட்டம் உன்னுடையது, மண் மட்டும் கம்பனியுடையது. நீ தொழிலாளி அல்ல, தொழில்முனைவோர்! நியூயோர்க்கில் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போகிறவனுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். திருநெல்வேலிக் காட்டில் ஆள் பிடித்த கங்காணியும் இதைத்தான் சொன்னான்: போனால் தேங்காயும் மாசியும், நீதான் ராஜா.

செயலமர்வு முடிகிற நேரம் மழை இறங்கியிருந்தது. பணிஸ் கொடுக்கிறதுக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றார் தம்பி; வருகைக்கு அத்தாட்சியாம், நன்கொடையாளருக்கு அனுப்ப வேண்டுமாம். எழுதத் தெரியாதவர்களுக்கு உதவ என்னைக் கூப்பிட்டார். முன்வரிசையிலிருந்தே ஆரம்பித்தேன். முதல் கோட்டில் ‘முழுப் பெயர்’ என்று அச்சடித்திருந்தது. அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள்.

“பகலோட வேலய விட்டுட்டு வரச் சொன்னீங்களே சேர். இன்னிக்கு எனக்கு அரப் பேருதான் விழும். அத எழுதவா?”